மேஸ்திரி சந்தின் ஒரே வாரிசு

"கோட்டு போட்டு ஒரு படம், போடாம ஒரு படம். கல்வெட்டுக்கு எது எடுப்பா இருக்கோ அதை வச்சுக்குங்க மேடம்."

ஸ்டூடியோக்காரர் தன் தாத்தாவின் இரண்டு படங்களைச் சர்வேயரம்மாவின் மேஜைமேல் வைத்தார். உயிரோடு இருந்தவரை சட்டைகூடப் போடாத மனிதர் அந்தத் தாத்தா. பேரன் ராப்பகலாகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கோட்டு, டை எல்லாம் மாட்டிவிட்டிருந்தார்.

"கல்வெட்டைப் பத்தி எனக்குத் தெரியாது சார். சந்துக்கு யாரால பேர் வந்தது, அவருக்கு வாரிசு யாரு, அது தெரிஞ்சா எனக்குப் போதும்" என்றார் சர்வேயரம்மா.

மெயின்ரோட்டிலிருந்து வயலுக்குப் போகும் வழிக்கு மேஸ்திரி சந்து என்று பெயர். நுழையும்போது இரண்டு வண்டி தாராளமாகப் போகும். ஸ்டூடியோ வந்ததும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒருக்களித்துத்தான் போக வேண்டும். எந்த மேஸ்திரி என்று கேட்டால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள்.

மேஸ்திரியின் வாரிசுகள் ஆதாரத்தோடு வரவும் என்று சர்வே ஆபீஸ் வாசலில் அறிவிப்பு ஒட்டியதிலிருந்து ஸ்டூடியோக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்வெட்டு வைத்து விழா எடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். முப்பது வருஷமாக ஊரில் நடந்த அத்தனை விழாவுக்கும் மேடை ஏறியவர் அவர். ஆனால் எல்லாம் படம் எடுக்கத்தான். ஒரு தடவையாவது தன் கழுத்தில் மாலை விழாதா என்ற ஏக்கம் அவருக்கு நிறையவே இருந்தது.

இடைஞ்சலாக இருந்தது பங்காளி ஒருத்தன்தான். சித்தப்பா மகன். இப்போது சைக்கிள் கடை. அதற்கு முன்பு இதே ஆபீஸில் சர்வேயர்களுக்கு நிலம் அளக்கச் சங்கிலி பிடித்தவன். தாத்தாவுக்கு நானும் பேரன்தானே என்று முதலில் மல்லுக்கு நின்றான். போன வாரம் ஆபீஸுக்கு வந்து பழைய வரைபடத்தை ஒரு தரம் பார்த்தான், அவ்வளவுதான்.

"நீயே வச்சுக்கண்ணே. தாத்தாவும் உனக்கே, வீடும் உனக்கே, பேரும் உனக்கே" என்று காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, விசிலடித்துக்கொண்டே போய்விட்டான். இவனைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று ஸ்டூடியோக்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சர்வேயரம்மா அந்த வரைபடத்தை விரித்தார். ஊரிலுள்ள அத்தனை வீட்டுக்காரர்களின் பெயரும் கறுப்பு மையில் இருந்தது. சந்தின் நடுவில் மட்டும், சிவப்பு மையில், 'மேஸ்திரி'.

"இதைப் பாத்துதான் பின்னாடி சந்துக்குப் போர்டு எழுதியிருக்காங்க" என்றார் சர்வேயரம்மா.

ஸ்டூடியோக்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. "பாத்தீங்களா மேடம்! பண்ணையாருக்கே கறுப்பு மைதான். எங்க தாத்தாவுக்கு மட்டும் சிவப்பு. மரியாதைன்னா இதுதான் மரியாதை!"

"அது உங்க தாத்தாதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"அந்த இடத்துல வேற யாரு இருந்தா? வீட்டுப் பத்திரம் இருக்கு, வரி ரசீது இருக்கு, எல்லாத்துலயும் மேஸ்திரின்னுதான் போட்டிருக்கு."

"வீட்டு முன்னறையையும் அவர்தான் கட்டினாரா?"

"அவரேதான். கல்லு சுமந்ததும் அவரு, பூசினதும் அவரு. அதுலதான் என் ஸ்டூடியோ ஓடுது."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"ரத்தத்துல வேணும்னாலும் எழுதித் தரேன்!"

"மையில எழுதினாலே போதும் சார்."

மேற்படி மேஸ்திரியின் ஒரே வாரிசு நானே, முன்னறை உட்பட அவர் கட்டிய அனைத்துக்கும் நானே பொறுப்பு என்று முத்துமுத்தாக எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார். சர்வேயரம்மா பதிலுக்கு ஒரு தாளில் முத்திரை குத்திக் கொடுத்தார். ஸ்டூடியோக்காரர் அதைப் படிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மேடையில் என்ன பேசுவது என்பதில் இருந்தது அவருடைய கவனம்.

"விழா என்னைக்கு மேடம்?"

"விழாவா? பதினஞ்சு நாள் டைம் சார். அதுக்குள்ள ஸ்டூடியோ சாமானை எல்லாம் எடுத்துடுங்க. இடிக்க ஆள் வரும்."

"இடிக்கவா? என் ஸ்டூடியோவையா?" ஸ்டூடியோக்காரர் சட்டைப்பையிலிருந்த தாளை அவசரமாகப் பிரித்தார். "மேடம், எங்க தாத்தா பேரு வரைபடத்துலயே சிவப்பு மையில இருக்கு மேடம்!"

சர்வேயரம்மா வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"பொதுவழியை வளைச்சுப் போட்டவங்க பேரைத்தான் சார் நாங்க சிவப்பு மையில எழுதறது."