கூட்டாஞ்சோற்றுக்கு ஒரு விளம்பரதாரர்

“நிகழ்ச்சியை நிறுத்தியாச்சு. திங்கட்கிழமையில இருந்து அந்த அரை மணியிலயும் ஹிட் பாட்டுதான்” என்றார் நிலைய மேலாளர் பிரபாகர், கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்காமலே.

அறிவிப்பாளர் பானுமதிக்குப் பகீரென்றது.

தர்மபுரியில் இருந்த அந்தத் தனியார் எஃப்.எம்.மில் விடிந்தால் அடைந்தால் அதே இருபது சினிமாப் பாட்டுதான். தலைமை அலுவலகம் அனுப்புவதை அப்படியே ஓட்ட வேண்டும். அவள் மல்லுக்கட்டி வாங்கிய ஒரே அரை மணி நேரம் ‘கூட்டாஞ்சோறு’. சித்தேரி மலைப் பாட்டு, எல்லைப்புறத்துக் கன்னடப் பாட்டு, காலேஜ் பசங்க சொந்தமாகப் போட்ட பாட்டு எல்லாம் அதில்தான் வரும்.

“சித்தேரி தேன்மொழி நேத்துத்தானுங்க வந்து பாடிட்டுப் போச்சு. திங்கட்கிழமை வரும்னு ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கும். அதுகிட்ட நான் என்னன்னுங்க சார் சொல்றது?”

“விளம்பரம் கொடுத்தவர் நிறுத்திட்டார். சும்மா ஓட்ட மேலிடத்துல விட மாட்டாங்க.”

“அவருகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாத்தீங்களா? உங்களுக்குப் பாட்டும் ஒண்ணுதான், புண்ணாக்கும் ஒண்ணுதான். நீங்க விலை போயிட்டீங்க சார்!”

பிரபாகர் மறுபடி கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்துவிட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். சரியான கல்லுளிமங்கன்!

அந்த நிகழ்ச்சிக்கு இருந்தது ஒரே விளம்பரதாரர். ‘பொன்வயல் விதைக் கடை, கம்பைநல்லூர் பஸ் ஸ்டாண்டு எதிரில்.’ ஒரு வருஷமாக அவள் வாயாலேயே வாசித்த விளம்பரம். காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று பஸ் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பேக்கரி இருந்தது, செருப்புக் கடை இருந்தது. விதைக் கடையைத்தான் காணோம். பேக்கரிக்காரர் பச்சியப்பனிடம் கேட்டாள். அவர் சிரித்துவிட்டார்.

“ரேடியோவுல கேட்டுட்டு வந்தீங்களாம்மா? இப்படித்தான் எத்தனையோ பேரு வந்து தேடிட்டுப் போறாங்க. அந்த மாதிரி கடையே இந்த ஊர்ல இல்லீங்க. ரேடியோவுல ஒரு பொம்பள வாய் கூசாம தினம் புளுகுது!”

அந்தப் ‘பொம்பள’க்கு முகம் செத்துப்போயிற்று. இல்லாத கடைக்கு எவன் விளம்பரம் கொடுப்பான்? அங்கேயே நின்று பிரபாகருக்குப் போன் போட்டாள்.

“சார், கம்பைநல்லூர்ல அப்படி ஒரு கடையே இல்லீங்களாம்!”

“தெரியும்மா.”

“அப்போ இத்தனை நாளா யாருங்க சார் பணம் கட்டினது?”

அந்தப் பக்கம் அதே ஹிட் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“ஒரு விளம்பரமாவது இருந்தாத்தான் உன் நிகழ்ச்சியை விடுவோம்னாங்க. யாரும் தர மாட்டேன்னுட்டாங்க. அதான் நானா ஒரு கடைப் பேரை எழுதிக் கொடுத்துட்டு, என் சம்பளத்துல கட்டினேன். ஒரு வருஷத்துக்கு மேல என்னால முடியலம்மா.”