சனிக்கிழமைப் பழுது

"மெர்வ், மெஷின் மறுபடியும் மக்கர் பண்ணுது. சும்மா ஓட்டினா ஓடுது, புல்லுக்குள்ள விட்டா மூச்சு வாங்குது. கொஞ்சம் வந்து பாரேன்."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நோரீனின் குரல். இந்தப் பக்கம் மெர்வின் மனைவி க்ளெனிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆஸ்திரேலியாவின் டூவும்பா ஊரில் எங்கள் தெருவில் எல்லார் வீட்டுப் புல்வெட்டும் மெஷினும் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. புருஷன் இறந்து தனியாக இருக்கும் நோரீனின் மெஷினுக்கு மட்டும் சனிக்கிழமை தவறாமல் நோவு வந்துவிடும்.

கூப்பிட்ட குரலுக்கு மெர்வ் தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பும்போது நகக்கண்ணில் கிரீஸ், வாயில் விசில், கையில் நோரீன் சுட்ட பூசணி ஸ்கோன் பன்.

க்ளெனிஸ் சுட்டால் அரை ஸ்கோனுக்கு மேல் உள்ளே இறங்காத மனுஷன்.

மெர்வ் நெஞ்சுவலி வந்து பிழைத்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து க்ளெனிஸ் அவரைக் கீழே விடாமல் தாங்கினாள். சின்னச் சின்ன வேலை செய்யலாம் என்று டாக்டர் சொன்னதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டூல்பாக்ஸை ஒளித்தாள். புல் வெட்ட ஆள் வைத்தாள். டீ குடித்த கோப்பையைக்கூடக் கழுவ விடவில்லை.

அப்படித் தாங்கிய புருஷன் இன்னொருத்தி வீட்டில் போய் முட்டி போட்டு வேலை பார்த்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? எங்கே கைநழுவிப் போய்விடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

"அவகிட்ட அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டே விட்டாள்.

"ஒரு மெஷின் இருக்கு," என்றார் மெர்வ் சாதுவாக.

அடுத்த சனிக்கிழமை மெர்வ் பால் வாங்கப் போயிருந்த நேரம். க்ளெனிஸ் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்று வேவு பார்த்தாள்.

நோரீன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரே இழுப்பில் கிளப்பினாள். கணுக்கால் உயரப் புல்லில் ஒரு திணறல் இல்லாமல் ஓடியது. பிறகு அதை நிறுத்தி, மெஷினுக்குள் காற்று போகும் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தாள். ஒரு பிடி புழுதியையும் காய்ந்த புல்லையும் எடுத்து உள்ளே அப்பினாள்.

க்ளெனிஸ் வீட்டுச் செருப்போடு பாய்ந்து போனாள்.

"நல்லா ஓடற மெஷினைக் கெடுத்து வெச்சுட்டு எம்புருஷனைக் கூப்பிடறே. வெக்கமா இல்ல?"

நோரீன் மறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க ரிப்பேர் கடையில பாதி மெஷினைப் பிரிச்சுப் பூட்டினது நான்தான், க்ளெனிஸ். இதுக்கு எனக்கு ஆள் வேண்டாம்."

"அப்புறம் எதுக்கு அவரு?"

"எம்புருஷன் டெஸ்ஸுக்கு உடம்பு முடியாமப் போனப்ப நானும் உன்னை மாதிரிதான் தாங்கினேன். ஒரு ஸ்பேனரைத் தொடவிடல. கராஜ் வாசல்ல நாற்காலியைப் போட்டுட்டுத் தன் கையையே பாத்துட்டு உக்காந்திருப்பாரு. பேச்சு நின்னுச்சு. சாப்பாடு நின்னுச்சு. அப்புறம் அவரே போயிட்டாரு."

நோரீன் வேலிப் பக்கம் பார்த்தாள்.

"போன கோடையில மெர்வும் அதே மாதிரி நாற்காலியைப் போட்டு உக்காந்தாரு. என்னால பாத்துட்டு இருக்க முடியல. உன்கிட்ட சொன்னா நீ கேக்கற ஆளா?"

க்ளெனிஸ் வீடு திரும்பினாள்.

புல் வெட்டும் ஆளுக்குப் போன் செய்து இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மறு சனிக்கிழமை, நோரீன் குரல் கொடுப்பதற்கு முன்பே க்ளெனிஸின் குரல் கேட்டது.

"மெர்வ், நம்ம மெஷின் புல்லுக்குள்ள போனா திணறுது. என்னன்னு பாரேன்."

மெர்வ் குனிந்து ஃபில்டர் மூடியைத் திறந்தார். க்ளெனிஸுக்கு அளவு தெரியவில்லை. ஒரு கன்றுக்குட்டிக்குப் போதுகிற அளவு புல்லைத் திணித்து வைத்திருந்தாள், நடுவில் தன் ரோஜாச் செடியின் இலையோடு.

மெர்வ் இலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சிரிப்பை விழுங்கிக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"பெரிய பழுதுதான். சாயங்காலம் வரைக்கும் ஆகும். டூல்பாக்ஸை எங்க ஒளிச்சு வெச்சே? எடுத்துட்டு வா."