முதலில் கிளையில்

சந்தை நாளான அன்று செம்மேட்டு மிளகுச் சங்கத்தின் தலைமைச் சர்வர் நின்றால் தனசேகரனின் வேலை போய்விடும். அதனால் சர்வரை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலின் புதிய பதிப்பை முதலில் வாழவந்தி நாட்டுக் கிளைச் சர்வரில் போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தான். செம்மேட்டில் தன் மேசையிலிருந்தே கட்டளைகளைத் தட்டி, ரீஸ்டார்ட் கொடுத்தான்.

கிளைச் சர்வர் பதில் சொல்லவில்லை. இருப்புக் கொள்ளாமல் கிளை ஊழியர் பிரபாவதிக்குப் போன் செய்தான்.

"பிரபாவதி, சர்வர் எந்திரிச்சுதா?"

"இல்லீங்க சார். இருட்டாத்தான் கெடக்குது."

"பட்டனை அமுக்கு சாமி. பழைய கெர்னலும் அதுலயே இருக்குது, அதுல எழுப்பிரலாம்."

"எப்படிங்க எந்திரிக்கும்? இடி இடிக்குதுன்னு காலையிலயே பிளக்கைப் புடுங்கிட்டமுங்க."

தனசேகரன் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அப்படியானால் இவ்வளவு நேரம் கட்டளைகளை வாங்கிக்கொண்டது எது?

ஜன்னலுக்கு வெளியே, செம்மேட்டு எடைமேடையிலிருந்து எடை போடும் அர்த்தனாரி கத்தினார்.

"ஏனுங்க சார், இங்க எல்லாக் கம்ப்யூட்டரும் ஒண்ணா நின்னுபோச்சுங்க!"