யார் கைவரிசை?

“சொல்லுங்க டீச்சர், இதை எழுதினது யாரு?”

முதலாளி மேசைமேல் தள்ளிய தாளை டீச்சர் எடுத்தாள். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

ஒரு பக்க ஆங்கிலக் கடிதம். கம்ப்யூட்டரில் அடித்தது, கீழே பெயர் இல்லை. தையல் கூடத்தின் பின்வாசலை வேலை நேரத்தில் பூட்டி வைக்கிறார்கள், தீப்பிடித்தால் இருநூறு பேரும் ஒரே வாசலில் முட்டி மோதிச் சாகவேண்டியதுதான் என்று, சட்டைகளை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கே யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். அவர்களோ அதை அப்படியே முதலாளிக்குத் திருப்பி அனுப்பி, நாளை மறுநாள் நேரில் பார்க்க வருகிறோம் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். மனிதர் காலையிலிருந்து வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்துக்கொண்டிருந்தார்.

“என் உப்பைத் தின்னுட்டு எனக்கே குழி பறிச்சிருக்கான். ஆள் யாருன்னு இப்பத் தெரியணும். அவனை வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் எனக்கு மத்த வேலை.”

“வாராவாரம் முப்பது பேர் நோட்டைத் திருத்தறீங்க,” என்று கதவருகில் நின்ற மேனேஜரும் உறுமினார். தொழிலாளர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி. “உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

அதுவும் சரிதான். ஒரு வருடமாகச் சனிக்கிழமைதோறும் சாப்பாட்டுக் கூடத்தில் ஆங்கில வகுப்பு நடத்துகிறாள். ஒரு பத்தியில் ஒரு விஷயத்தைத்தான் சொல்லவேண்டும், ஒரு வாக்கியம் நீண்டால் அடுத்ததைச் சின்னதாக வெட்டு, படிப்பவன் மூச்சு விடட்டும் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறாள்.

கடிதத்தைப் படித்தாள். முதல் பத்தியில் பூட்டு மட்டும். இரண்டாவதில் ஆட்கள் மட்டும். மூன்றாவதில் கோரிக்கை. ஒன்றின் காலை இன்னொன்று மிதிக்கவில்லை. நீளமான வாக்கியம் ஒன்று நிதானமாகப் படியிறங்கி வந்தது; அதன் பின்னாலேயே மூன்றே சொல்லில் ஒரு வாக்கியம் பொட்டில் அடித்தது.

இரண்டாவது பத்தியைத் தாண்டும் முன்பே எழுதிய ஆள் யாரென்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. பெருமையும் பயமும் சேர்ந்தே வந்தன. பெயர் வெளியே வந்தால் அந்த ஆளின் வேலை இன்றோடு போச்சு.

“தெரியலை சார்,” என்றாள்.

“இன்டர்நெட்ல காப்பி அடிச்சதா இருக்கும் சார்,” என்றார் மேனேஜர்.

“ஏன்யா, நம்ம பின்வாசல் பூட்டு எந்தப் பக்கம் தொங்குதுன்னுகூடவா இன்டர்நெட்ல போட்டிருக்கான்?” முதலாளி மேசைமேல் குவித்து வைத்திருந்த வகுப்பு நோட்டுகளிலிருந்து ஒன்றை உருவினார். “டீச்சருக்குத் தெரியலைன்னா போகுது, எனக்குத் தெரியுது. பேக்கிங்ல இருக்காளே, எல்லாரும் டிக்‌ஷனரின்னு கூப்பிடற பொண்ணு, அவதான். நோட்டுப் பூரா ‘அருமை, அருமை’ன்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்களே! யோவ், அவளை இப்பவே அனுப்பிடு.”

டீச்சர் சட்டென்று நிமிர்ந்தாள். அந்தப் பெண்ணின் சம்பளத்தில் ஒரு குடும்பமே ஓடுகிறது.

மேனேஜரின் முகம் கறுத்தது. “சார்... ஒரு நிமிஷம்... அது வந்து...” என்று இழுத்தபடி இரண்டடி முன்னால் வந்தார்.

“நீங்க சும்மா இருங்க சார்!” என்றாள் டீச்சர் வெடுக்கென்று. சிடுமூஞ்சியை அப்படி அதட்ட அந்தக் கட்டடத்தில் இதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. மனிதர் பின்வாங்கி, மூலையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார்.

அவள் நோட்டையும் கடிதத்தையும் முதலாளியின் முன்னால் அருகருகே விரித்தாள். “பாருங்க சார். இந்தப் பொண்ணு எழுதறதெல்லாம் துண்டு துண்டா இருக்கும். கமான்னாலே அவளுக்கு உதறல். தப்பு இருக்காது, அதுக்குத்தான் ‘அருமை’ போட்டேன். இப்ப லெட்டரைப் பாருங்க. நாலு வரிக்கு ஓடற வாக்கியம், எங்கயாவது தடுக்கி விழுதா? வாரத்துக்கு ஒரு மணி நேரம் முப்பது பேரோட உட்கார்ந்து கத்துக்கிட்டா இது வராது சார். தனியா உட்கார்ந்து, மாசக்கணக்கா எழுதி எழுதிக் கிழிச்சிருக்கணும்.”

மூலையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மேனேஜருக்குப் புரையேறியது.

முதலாளி நோட்டைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், மறுபடியும் நோட்டைப் பார்த்தார். சுவருக்கு அப்பால் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“அப்ப உங்க கிளாஸ்ல யாரும் இல்லேங்கறீங்க?”

“அந்த முப்பது பேர்ல யாரும் இல்ல சார். சத்தியமாச் சொல்றேன்.”

“எவனோ வெளியாள் வேலை!” நோட்டை விட்டெறிந்துவிட்டு முதலாளி எழுந்தார். “யோவ், முதல்ல அந்தப் பின்வாசலைத் திறந்து விடு. வர்றவங்க கண்ணுல பூட்டே படக்கூடாது. இனிமே எவனும் அதைப் பூட்டவும் வேண்டாம், எனக்கு இந்தத் தலைவலியும் வேண்டாம்.”

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மேனேஜர் நாற்காலியில் பொத்தென்று விழுந்து, கழுத்து வேர்வையைத் துடைத்தார். முதலாளியின் காலடிச் சத்தம் படியிறங்கிப் போகும்வரை டீச்சர் காத்திருந்தாள். பிறகு நோட்டுகளை அடுக்கிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள்.

“மொட்டைக் கடுதாசியை இவ்வளவு அழகாவா எழுதுவாங்க, சார்? ஞாயித்துக்கிழமை வழக்கம்போல யாருக்கும் தெரியாம எங்க வீட்டுக்குப் படிக்க வருவீங்கல்ல, அப்பக் கொஞ்சம் கெடுத்து எழுதவும் சொல்லித் தர்றேன்.”