மாமியின் முளைக்கீரை

"ரத்தம் குடுக்காமல் இந்தக் கதிரையை விட்டு எழும்பேலாது, பிள்ளை" என்றார் சுந்தரேஸ்வரி.

ஹாம் நகரில், மருத்துவரின் காத்திருப்பறையில், மாமியும் மருமகளும் அருகருகே அமர்ந்திருந்தனர். துஷானிக்கு ஆறாம் மாதம். ஊசி என்றாலே அவளுக்கு உடல் கூசும். ஆயினும் இன்று அவளை வாட்டியது ஊசியன்று, மாமியின் முகம். கைப்பையின் சிப்பை அவர் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

கால்வாய்க்கரையிலிருந்த வாடகைத் தோட்டங்களுள் ஒன்று மாமியுடையது. முன்னொரு காலத்தில் அங்கே ஓர் உருக்காலை இயங்கியதாம். மண்ணைச் சோதித்ததில் ஈயம் அளவுக்கு மீறியிருப்பதாகவும், அங்கு விளையும் கீரைவகை எதையும் உண்ணக்கூடாதென்றும் தோட்டச் சங்கத்தார் அறிவித்திருந்தனர். வேர்வழியே இலைக்குள் ஏறிய ஈயம் எத்தனை தரம் கழுவினாலும் போகாதாம். தாய் உண்டால் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளையையும் அது தாக்கக்கூடும் என்று மருத்துவர் தொலைபேசியில் சொன்னது முதல், மாமிக்கு ஊணும் இல்லை, உறக்கமும் இல்லை.

பிள்ளைத்தாய்ச்சிக்கு இரத்தம் ஊறவேண்டுமென்று கோடை முழுவதும் முளைக்கீரையைக் கடைந்து மருமகளின் தட்டில் வைத்தவர் அவர்தாம். மிஞ்சியதை மாரிகாலத்துக்கென்று பால்கனியில் உலர்த்தினார். செருப்பு வைக்கும் திசை முதல் குப்பையைப் பிரிக்கும் முறை வரை அந்த வீட்டில் யாவும் அவருடைய ஒழுங்கின்படியே நடக்கும். கீரை மட்டும் விலக்காகுமா?

"என்ரை கையாலயே நஞ்சு வைச்சிட்டன்" என்று முணுமுணுத்தார் மாமி.

"டிவி நாடகத்தில வாற மாமிமார்தான் தெரிஞ்சு நஞ்சு வைக்கிறவை. நீங்கள் அந்த வகுப்பில்லை, மாமி."

மாமி சிரிக்கவில்லை. கைப்பையின் சிப் மறுபடியும் திறந்து மூடியது.

இனியும் மறைப்பது பாவம் என்று துஷானிக்குத் தோன்றியது. மாமியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"மாமி, கோவிக்காதேங்கோ. அந்தக் கீரையில நான் ஒரு கரண்டியும் சாப்பிடேல்லை."

சிப்பின் சத்தம் நின்றது.

துஷானி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முதல் நாளே கீரையின் மணம் அவளுக்குக் குமட்டிச் சத்தியை வரவழைத்தது. அன்றுமுதல், மாமி தண்ணீர் எடுக்கத் திரும்பும் வேளை பார்த்து, அதைக் கடதாசியில் சுற்றிக் குப்பைக்குள் போட்டுவந்தாள். மாமியின் மனத்தை நோகடிக்க விரும்பாமல்தான் இவ்வளவு நாளும் வாய் திறக்கவில்லை.

"காலமை நீங்கள் அவிச்சுத் தாற குரக்கன் பிட்டுத்தான் எனக்கும் பிள்ளைக்கும் சாப்பாடு. அதை மட்டும் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் திண்டனான். அதால பயப்பிடாதேங்கோ. இந்த ரத்தச் சோதனை டெர்மினை விட்டிட்டு வீட்ட போவம்."

ஒன்று மாமி சீறுவார், இல்லையேல் கடவுளுக்கு நன்றி சொல்லி அழுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். மாமியோ தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குத் தெரியும், பிள்ளை."

"தெரியுமோ?"

"வீட்டில குப்பை பிரிக்கிறது ஆர்? முதல் கிழமையே கண்டிட்டன். கேட்டால் நீ கூச்சப்படுவாய். தட்டில வைக்கிறதை நிப்பாட்டினால் சந்தேகப்படுவாய்." மாமி கைப்பையை இறுக மூடினார். "அதாலதான், காய்ஞ்ச கீரையை மாவாய் இடிச்சு, குரக்கன் மாவோட கலந்து பிட்டவிச்சனான்."

உள்ளிருந்து தாதி அழைக்குமுன்னரே துஷானி எழுந்து நின்று, சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தாள்.