கஞ்சிக்கு ஹெல்மெட்

"பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை நம்ம ஆளுங்க யாரும் வாங்கக் கூடாது. மீறினா சங்கத்துலேருந்து நீக்கம்!" என்று வாட்ஸ்அப்பில் உத்தரவு போட்டிருந்தார் குடியிருப்புச் செயலாளர் தட்சிணாமூர்த்தி.

மாசமாயிருந்த எழிலரசியோ, "எனக்கு அந்தக் கஞ்சிதான் வேணும்" என்றாள்.

வண்டியில் போனால் நம்பர் காட்டிக்கொடுக்கும். எனவே அவள் கணவன் நிர்மல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, தூக்குவாளியோடு நடந்தே போனான். வரிசையில் அவனுக்கு முன்னாலும் ஒரு ஹெல்மெட்காரர். அவர் வாளி நிறைந்ததும் அண்டா காலி!

"தீந்துபோச்சு அண்ணாத்தே, நாளைக்கு வா" என்றார் கஞ்சி ஊற்றியவர்.

"ஐயோ, மாசமா இருக்கிறவ ஆசையா கேட்டாளே!"

முன்னால் நின்றவர் தன் கஞ்சியில் பாதியை நிர்மலின் வாளியில் ஊற்றிவிட்டு, புழுக்கம் தாங்காமல் ஹெல்மெட்டைக் கழற்றினார். தட்சிணாமூர்த்தி!

"யார்கிட்டயும் சொல்லிடாத, தம்பி!"

"சொல்ல மாட்டோம் சார்! எங்களுக்கும் கொஞ்சம் ஊத்துங்க!" என்றன பின்னாலிருந்து ஏழெட்டு ஹெல்மெட்டுகள்.