காயாத ரப்பர்

“மாரிக்கண்ணா, என் ரப்பர் காய்ஞ்சிருச்சாப்பா?”

பாலவனத்தம் இன்பராஜ் அண்ணாச்சி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கேட்டுக்கொண்டுதான் வந்தார். அவருடைய பழைய பியட் காரின் முன்கண்ணாடியைச் சுற்றி மாட்டுகிற ரப்பர் பட்டை. அது இல்லாமல் கண்ணாடி நிற்காது. மூன்று மாதமாகக் கார் ஷெட்டிலேயே கிடக்கிறது.

“இன்னும் காயல அண்ணாச்சி,” என்றான் ரப்பர் பட்டறைக்காரன் மாரிக்கண்ணன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

“ஏம்ப்பா, அருப்புக்கோட்டை வெயில்ல மொளகா வத்தலே ரெண்டு நாள்ல காயுது. ஒன் ரப்பருக்கு மட்டும் என்ன கேடு?”

“இது வெயிலுக்கு அசையாத ரப்பர் அண்ணாச்சி. அதான் காய லேட்டாகுது.”

உள்ளே ரப்பர் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி தங்கச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரப்பரை அச்சில் ஊற்றிய மறுநாளே கழற்றி, பிசிறு வெட்டி, சுருட்டிக் கட்டி வைத்தவள் அவள்தான். வாய் கூசாமல் பொய் சொல்கிறானே! அவனை உள்ளே இழுத்தாள்.

“ஏங்க, வயசான மனுசர எத்தன வாட்டி அலைய விடுவீக? ஊரே நம்மள ஏமாத்துக்காரங்கன்னு பேசுது. வெளிய தலைகாட்ட முடியல எனக்கு.”

“அப்ப நீயே கொண்டுபோய்க் குடு. நான் தடுக்கல.”

“குடுக்கத்தான் போறேன்!”

பரணிலிருந்து சுருளை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள். அவளைக் கண்டதும் அண்ணாச்சி சிரித்தார்.

“ரப்பர் மட்டும் வரட்டும் தாயி. பேத்தியப் பள்ளிக்கூடத்துல விடுறது இனி நாந்தான். டிரைவர நிப்பாட்டிருவேன்.”

சுருளை அவர் கையில் வைத்தாள்.

அண்ணாச்சி தடவிப் பார்த்தார். வளைத்துப் பார்த்தார். முகத்துக்கிட்டே கொண்டுபோய், கண்ணை இடுக்கிக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“அடடா, வெண்ணெயா வந்திருக்கே! இது யாரு வண்டிக்குத் தாயி?”

தங்கச்செல்வி திகைத்துப்போனாள். சுருளில் கட்டிய அட்டையில், உள்ளங்கை உயரத்துக்கு, சிவப்பு மையில் அவளே எழுதியிருந்தாள்: ‘இன்பராஜ் அண்ணாச்சி, பாலவனத்தம்.’ அட்டை அவர் மூக்கை உரசிக்கொண்டிருந்தது.

புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அச்சுக்கு எண்ணெய் தடவுவதில் மும்முரமாக இருந்தான்.

வெடுக்கென்று சுருளைப் பிடுங்கினாள்.

“இது தூத்துக்குடிப் பார்ட்டிக்கு அண்ணாச்சி. உங்க வண்டிக்கு இன்னும் அச்சே எடுக்கல!”